அக்கா வீட்டுக்கு வந்த அமெரிக்க சார்ஜன்ட்

1

ஜேர்மன் ஆமி எங்கள் அக்கா வீட்டுக்குக் கடிதம் போட்டிருந்தது.

இந்த ஒரு வரியை வாசித்தவுடன் ஊரில் இருக்கும் உங்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் கதவைச் சாத்துவார், இன்னொருவர் அடையாள அட்டையைத் தேடுவார். எனக்கும் அதேதான். அக்கா போனில் "தம்பி, ஆமி..." என்று தொடங்கியதும் நான் பீட்சாக் கடையின் குளிரறைக்குள் போய்க் கதவை இழுத்துவிட்டேன். மிச்சத்தை உள்ளே நின்று நடுங்கிக்கொண்டே கேட்டேன். வெளியே வந்தபோது முதலாளி என்ன செய்தாய் என்று கேட்டார். சீஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன் என்றேன். அவர் மகிழ்ந்துபோனார். நான் பொறுப்பாக நடந்துகொண்டதாக அவர் நினைத்த ஒரே நாள் அது.

இந்த நாட்டுக்கு வந்து எனக்குப் பத்து வருசம் முடிந்துவிட்டது. இன்னமும் பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பவர் ஏறினால், சரியான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன். யூனிபோர்ம் என்றால் என் கால்கள் என்னிடம் கேட்காமலே முடிவெடுக்கும். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான்.

கடிதத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. இப்போது பதினெட்டு வயதாகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசாங்கம் அப்படி ஒன்று அனுப்புகிறது. ஆமியில் சேர விருப்பமா, உடம்பு எப்படி என்று கேட்கிறார்கள். பெடியள் கட்டாயம் பதில் போடவேண்டும். பெட்டையள் விரும்பினால் போடலாம், இல்லாவிட்டால் குப்பையில் போடலாம். அக்காவின் மகள் மதுசாவுக்குத்தான் அது வந்திருந்தது. இங்கே பிறந்தவள், ஜேர்மன் பாஸ்போர்ட்காரி.

"கிழிச்சு எறிஞ்சுட்டன்" என்றாள் அக்கா.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதே."

"எங்கை முடிஞ்சுது? உவள் அதுக்கு முன்னமே போனிலை பதில் போட்டிட்டாள். சேர விருப்பமாம். கூப்பிட்டு டெர்மின் குடுத்திருக்கிறாங்கள்."

டெர்மின் என்றால் இந்த நாட்டில் கடவுளுக்கு அடுத்த படி. குறித்த நாளில் குறித்த நேரத்தில் போய் நிற்கவேண்டும். வைத்தியரும் டெர்மின் தருவார், வங்கியும் தரும். இப்போது ஆமியும் தந்துவிட்டது.

2

நான் யார் என்று சொல்லவில்லையே. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். படிப்புத்தான் என்னை நிறுத்தியது என்று வீட்டில் சொல்வார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்துக்கு மரம் பள்ளிக்கூடம் மாறியதில், எந்த மரத்தின் கீழ் பின்னம் படிப்பித்தார்களோ அந்த மரத்தை நான் தவறவிட்டுவிட்டேன். இன்றைக்கும் பீட்சாவை எட்டாக வெட்டுவதுதான் என் கணிதத்தின் எல்லை.

கைசர்ஸ்லவுட்டர்னுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். சுற்றிவர அமெரிக்கப் படைமுகாம்கள். எங்கள் கடையில் அமெரிக்கர்களுக்குப் பீட்சா கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. இதை ஒருநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா ஊரில், "சின்னவன் இப்ப அமெரிக்கன் ஆமியோடை நிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, தன் காணியில் ஆமிக்காரர் இருக்கிறார்கள், அமெரிக்கா மூலம் ஏதாவது அழுத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

முகாமுக்குள் என்னை விடமாட்டார்கள். வாசலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நிற்பேன். அவர்கள் நடந்து வந்து வாங்கிப்போவார்கள். படங்களில் பார்த்த அமெரிக்க ஆமி ஆறடி உயரம், பொன்முடி, நீலக்கண். இங்கே முதல்நாள் பீட்சா வாங்க வந்தவர் ஒரு கறுப்பினப் பெண். அடுத்தது மெக்சிக்கோப் பெற்றோரின் பெடியன். அதற்குப் பிறகு ஒரு பிலிப்பைன்ஸ் முகம். ஒருநாள் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு சீக்கியர் வந்தார். இந்தியன் ஆமி திரும்ப வந்துவிட்டது என்று நான் இரண்டடி பின்னால் போனேன். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து போனபோது நான் பிறக்கவேயில்லை. இந்தப் பயம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சீதனம். அந்த மனிசர் பாவம், காளான் பீட்சாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

3

பிள்ளை வழி தவறினால் எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. தாய் தகப்பன் பேசமாட்டார்கள். வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்து, அவருக்கு முதலிலேயே என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, நல்ல சாப்பாடு போட்டு, பிறகு தற்செயலாக வந்தவர் போல உட்காரவைத்து அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்லவைப்பார்கள்.

மதுசாவுக்கும் அது தொடங்கியது. முதலில் கனடாவிலிருந்து பெரியப்பா போனில் வந்தார். அவர் ஒரு மணித்தியாலம் பேசி முடித்தபோது அவரே சேர்ந்துவிடுவார் போல இருந்தது. பிறகு கோயில் ஐயர் வந்தார். ஆமியில் மாட்டிறைச்சி தருவார்கள் என்று எச்சரித்தார். மதுசா பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து அதைச் சாப்பிடுகிறாள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் என் முறை.

"நீ அவளோடை பகிடி விடுற ஆள். நீ சொன்னாக் கேப்பாள்" என்றாள் அக்கா.

இருபத்தொன்பது வயதில் எனக்குப் புத்தி சொல்லும் பதவி கிடைத்தது. என்னிடம் இருந்த புத்தியை எல்லாம் திரட்டிக்கொண்டு அவள் அறைக்குள் போனேன். திரட்ட அதிக நேரம் எடுக்கவில்லை.

4

அவள் சுவர் முழுக்கப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். நடிகர்கள் ஒருவரும் இல்லை, எல்லாம் அமெரிக்கச் சிப்பாய்கள். பக்கத்தில் முகாம் இருப்பதால் பள்ளிக்கூடத்தில், அமெரிக்கப் படையில் சிறுபான்மையினர் என்று ஒரு தலைப்புக் கொடுத்து வகுப்பின் முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசி முடித்துப் புள்ளியும் வாங்கிவிட்டாள். படங்கள் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை.

"உவை ஆர்?" என்று ஒரு படத்தைக் காட்டிக் கேட்டேன். யூனிபோர்ம் போட்ட கறுப்பினப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"ரெண்டாம் உலகப் போரிலை, வீட்டிலையிருந்து வந்த கடிதங்கள் மலை மாதிரிக் குவிஞ்சு கிடந்தது மாமா. ஒருத்தராலையும் பிரிக்க ஏலேல்லை. இவைதான் பிரிச்சுச் சிப்பாய்மாருக்குச் சேர்த்தவை."

"தபால் கந்தோர் வேலைக்கே சுவரிலை படம் எண்டால், பீட்சா கொண்டு போறவனுக்கும் ஒண்டு ஒட்டு."

"நீங்கள் பீட்சாவைப் பிழையான வீட்டுக்கெல்லோ குடுக்கிறனீங்கள்."

அடுத்த படத்தில் சப்பை மூக்குப் பெடியள் துப்பாக்கியோடு ஒரு காட்டுக்குள் நின்றார்கள்.

"இவை யப்பான் தாய் தகப்பனுக்கு அமெரிக்காவிலை பிறந்தவை. யப்பானோடை சண்டை துவங்கினவுடனை, குடும்பம் குடும்பமாப் பிடிச்சு முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளை போட்டிட்டாங்கள். அந்த முகாமிலையிருந்தே கனபேர் ஆமிக்குப் போனவை."

"விசரங்கள்."

"மாமா!"

"சரி. மரியாதையான விசரர்."

"இந்தக் காடு இஞ்சையிருந்து தூரம் இல்லை, பிரான்ஸ் பக்கம். அதுக்குள்ளை ஒரு அமெரிக்கப் படையை ஜேர்மன்காரர் சுத்தி வளைச்சிட்டினம். இவைதான் போய் மீட்டவை. மீட்டெடுத்த ஆக்களைவிட, மீட்கப்போய்ச் செத்தும் காயப்பட்டும் விழுந்த ஆக்கள் கூட. அந்த நேரம் தாய் தகப்பன் அங்கை இன்னும் கம்பிக்குள்ளை."

முள்ளுக்கம்பி என்ற சொல்லை அவள் முதலில் ஜேர்மன் மொழியில் படித்து, பிறகு எனக்காகத் தமிழுக்கு மாற்றிச் சொன்னாள். நான் பன்னிரண்டு வயதில் எங்கள் முகாமில் அதன்மேல் சட்டை காயப்போட்டவன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் சுவரில் ஒட்டிவிடுவாள்.

இன்னும் இருந்தன. இதே ஊருக்குப் போர் முடிந்து வந்த கறுப்பினச் சிப்பாய்கள், தோற்ற நாட்டின் பியர்க் கடையில் ஜேர்மன்காரரோடு ஒரே மேசையில் இருந்தார்கள். வென்ற நாட்டுக்குத் திரும்பிப் போனால், தெற்கு மாநிலங்களில் பஸ்ஸின் பின் சீட்டில் இருக்கவேண்டும். நவஹோ என்ற செவ்விந்தியச் சனம், தங்கள் மொழியிலேயே இரகசியச் செய்தி அனுப்பியது. எதிரியால் கடைசிவரை அதை உடைக்க முடியவில்லை. அதே மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசிய பிள்ளைகளுக்குச் சவுக்காரத்தால் வாய் கழுவியிருக்கிறார்கள்.

எனக்கு வேண்டிய ஆயுதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாத்தியே? நீயே எனக்குச் சொல்லித் தந்திட்டாய். இவ்வளவு செய்தும் திரும்பிப் போனாப் பின் சீட். உனக்கும் அதுதான்."

மதுசா சிரித்தாள். "போகாமல் வீட்டிலை இருந்த ஆக்களுக்கும் பின் சீட்தான் மாமா. போயிட்டு வந்த ஆக்கள் ஏன் எண்டு கேட்டவை."

அந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"உனக்கு என்னடி குறை இஞ்சை?"

"ஒவ்வொரு கிழமையும் ஆரோ கேக்கினம், நீ உண்மையிலை எங்கையிருந்து எண்டு. கைசர்ஸ்லவுட்டர்ன் எண்டு சொன்னாச் சிரிக்கினம்."

"யூனிபோர்ம் போட்டாக் கேக்க மாட்டினமோ?"

"கேப்பினம். கேக்கேக்கை கொஞ்சம் வெக்கப்படுவினம்." பிறகு குரலைக் குறைத்தாள். "அதுக்காக மட்டும் இல்லை. எனக்கு மருத்துவப் பிரிவு வேணும். காயப்பட்ட ஆக்களைத் தூக்குற வேலை. சுடுறதுக்கு இல்லை."

"அப்ப மார்பிலை பேர் போடுவாங்களே. அப்பாவின்ர பேர்தானே உனக்குக் குடும்பப் பேர். சிவஞானசுந்தரம் எண்டு எழுதத் துணி காணாது. முதுகுப் பக்கத்தாலை சுத்தி வரவேணும்."

அதற்கு மட்டும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தோல்வியோடு வெளியே வந்தேன். கதவடியில் அத்தான் நின்றார். மாதத்துக்கு நாலு வசனம் பேசும் மனிதர். தன் பெயரின் கதையைக் கேட்டிருக்கிறார். தன் மார்பில் சாண் வைத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சொறிவது போல மாற்றிக்கொண்டார்.

5

"நீ ஒண்டுக்கும் உதவாய்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். பிறகு ஒரு யோசனையும் சொன்னாள். "உவளுக்கு அமெரிக்கன் ஆமிதானே பெரிசு? நீ ஒவ்வொரு நாளும் அவங்களோடை நிக்கிறாய். ஒராளைக் கூட்டிக்கொண்டு வா. அந்த வாயாலையே போகாதை எண்டு சொல்லட்டும்."

எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சார்ஜன்ட் லெனா. நாற்பது வயது இருக்கும். அமெரிக்காவில் பாலைவனப் பக்கம், நவஹோச் சனம். பீட்சாவுக்கு எப்போதும் உறைப்புக் கூடப் போடச் சொல்லுவார். இத்தாலியன் உறைப்பு அவருக்குப் போதவில்லை என்று தெரிந்து, ஒருநாள் முதலாளிக்குத் தெரியாமல் அக்கா செத்தல் மிளகாயில் இடித்த கட்டைச் சம்பலைத் தூவிக் கொடுத்தேன். அடுத்தநாள் முகாம் வாசலடியில் என்னை விரல் காட்டிக் கூப்பிட்டு, "நேற்று அதைச் செய்தது நீயா?" என்றார். நான் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். "ஒரு போத்தல் கிடைக்குமா?" என்றார். அன்றிலிருந்து நட்பு.

என் ஆங்கிலத்தையும் கைகளையும் சேர்த்து விசயத்தைச் சொன்னேன். மருமகள். ஆமி. அக்கா அழுகை. நீங்கள் வந்து வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

லெனா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "நான் யூனிபோர்ம் போட்ட ஆள். சேராதே என்று ஒரு பிள்ளைக்கு என்னால் சொல்ல முடியாது. வேறு நாட்டு ஆமியில் சேர் என்றும் சொல்லமாட்டேன். அந்தச் சம்பல் செய்த வீட்டில் சாப்பாடு என்றால் வருவேன். கேட்டதற்கு உண்மை சொல்லுவேன். அவ்வளவுதான்."

நான் இதை அக்காவுக்கு இப்படிச் சொன்னேன்: "வாறாவாம். நல்லாச் சொல்லுவாவாம்."

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண் பார்க்க வருகிற மாதிரி வீடு கழுவப்பட்டிருந்தது. புட்டு, ஆட்டிறைச்சி, இறால், கத்தரிக்காய், பருப்பு, முட்டை, அதற்கு மேல் வெள்ளைக்காரருக்கு உறைக்குமென்று உறைப்பில்லாமல் ஒரு கோழிப் பொரியல். பக்கத்து வீட்டுக் கனகண்ணையும் வந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. தன் தம்பி மகனின் அமெரிக்க விசா விண்ணப்பத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

லெனா ஜீன்ஸும் தளர்ந்த கூந்தலுமாக ஒரு பூச்சாடியோடு வந்தார். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"டேய், உவ எங்கட ஆள் மாதிரியெல்லோ இருக்கிறா. யூனிபோர்ம் எங்கை?"

"ஞாயிற்றுக்கிழமை அக்கா."

"யூனிபோர்ம் இல்லாமல் சொன்னா உவள் எப்பிடிக் கேப்பாள்?"

கனகண்ணை முதல் ஆளாக விசாவைப் பற்றிக் கேட்டார். தான் லொறி உதிரிப்பாகங்களுக்குப் பொறுப்பு, விசா தன் கையில் இல்லை என்று லெனா சொன்னார். "அப்ப மேலை இருக்கிற ஆக்களிட்டைக் குடுக்கச் சொல்லு" என்று கனகண்ணை என்னிடம் சொன்னார்.

மதுசா கண் விரிய, அந்த இரகசியச் செய்தி அனுப்பிய ஆட்களில் உங்கள் வீட்டில் யாரும் இருந்தார்களா என்று கேட்டாள்.

லெனா சிரித்துவிட்டார். "எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். என் தாத்தா ஆமியில் இருந்தார். லொறி ஓட்டினார். அவர் இரகசியமாக அனுப்பிய ஒரே செய்தி சமையல்காரனுக்கு, இன்னொரு துண்டு இறைச்சி வை என்று."

"உங்களுக்கு அந்த மொழி தெரியுமா?"

"கொஞ்சம். திட்டுவதற்குக் காணும்."

"எனக்கும் தமிழில் அவ்வளவுதான்" என்றாள் மதுசா. அது பொய். அவள் எனக்குத் தமிழில் திட்டுவது இலக்கணச் சுத்தமாக இருக்கும்.

இறால் இரண்டாம் முறை பரிமாறியதும் அக்கா எனக்குக் கண் காட்டினாள். "தம்பி, கேள். ஆமிக்குப் போனதை நினைச்சு இப்ப கவலைப்படுறாவோ எண்டு கேள்."

கேட்டேன். லெனா சாப்பிடுவதை நிறுத்தினார். "சில நாள் கவலைப்படுவேன். அம்மா செத்தபோது நான் வேறு நாட்டில் இருந்தேன். போய்ச் சேர முதல் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் திரும்பவும் பதினெட்டு வயது வந்தால், திரும்பவும் போவேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தேன். "சரியாக் கவலைப்படுறாவாம். தாயின்ர செத்தவீட்டுக்கும் போய்ச் சேர ஏலேல்லையாம். வயசுப் பிள்ளையள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வராதேங்கோ எண்டு சொல்லுறா."

அக்காவின் முகம் மலர்ந்தது. கனகண்ணை "பாத்தியளே" என்றார். மதுசா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, கடைசி வசனம் அவ சொல்லேல்லை. முதல் வசனம் அரைவாசி. நடுவிலை உள்ளது மட்டும் சரி."

அந்த மேசையில் ஆங்கிலம் சரியாக விளங்காத ஆட்கள் அக்கா, கனகண்ணை, நான் என்பதை மறந்துவிட்டேன். அவள் அதை ஆங்கிலத்தில் லெனாவுக்கும் சொல்லிவிட்டாள். லெனா என்னைப் பார்த்த பார்வையில் சம்பல் போத்தல் நட்பு முறிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அத்தான் அந்த மாதத்தின் முதல் வசனத்தைச் சொன்னார்.

"நீ எழும்பிப் போய்ச் சோடா எடுத்துக்கொண்டு வா."

மொழிபெயர்ப்பாளர் பதவி மதுசாவுக்குப் போனது.

7

நான் சோடாவோடு வந்தபோது அக்கா பேசத் தொடங்கியிருந்தாள். மகளைப் பார்க்கவில்லை. லெனாவைப் பார்த்துத்தான் பேசினாள். மதுசா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எனக்கும் அப்ப இதே வயசு. சண்டைக்கு வீட்டுக்கு ஒராளை இயக்கம் கேட்ட காலம். தராட்டிக் கூட்டிக்கொண்டு போயிடுவினம். கலியாணம் கட்டின பிள்ளையளை விடுகினமாம் எண்டு ஒரு கதை வந்துது. அம்மா ஒரு கிழமைக்குள்ளை இந்த மனிசனைத் தேடிப் பிடிச்சா."

கையால் அத்தானைக் காட்டினாள். அத்தான் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இவரை நான் முதல் முதல் கண்டது மணவறையிலை. அதுவும் வடிவாப் பாக்கேல்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை, வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். ஆரும் வருவினமோ எண்டு."

மதுசா ஆங்கிலத்தில் "நான்" என்று தொடங்கினாள். நான் அவரை முதன்முதல் கண்டது என் கல்யாணத்தில் என்று, தாயின் இடத்தில் நின்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இது உண்மையோ? அப்பாவை ரியூசனுக்குப் போகேக்கை கண்டது எண்டெல்லோ எனக்குச் சொன்னீங்கள்?"

"அது பிள்ளையளுக்குச் சொல்லுற கதை. நீ இப்ப இவவுக்குச் சொல்லு. நான் உயிரியல் படிச்சனான். டொக்டரா வர விருப்பம். புத்தகங்களை உவன் படிப்பான் எண்டு வச்சிட்டு வந்தன். உவன் கிழிச்சுப் பட்டம் கட்டிப்போட்டான்."

மதுசா அதையும் சொன்னாள். லெனா என்னைத் திரும்பிப் பார்த்தார். தவளையின் வயிற்றுக்குள் இருப்பதைப் படம் போட்ட பக்கம் மிக நன்றாகப் பறந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பகிடியை விழுங்கினேன்.

"இயக்கத்துக்குப் போக வேண்டாம் எண்டும் நான் சொல்லேல்லை, கலியாணம் வேணும் எண்டும் நான் சொல்லேல்லை" என்றாள் அக்கா. "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மா கேக்கேல்லை. என்ரை அப்பா கேக்கேல்லை."

அத்தான் கையைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தபடியே சொன்னார். "நானும் கேக்கேல்லைத்தான்."

இதை மொழிபெயர்க்க மதுசாவால் முடியவில்லை. லெனா கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் புட்டு வேண்டும் என்று கையால் காட்டினார். அக்கா எழும்பி நிறையப் போட்டாள். புத்தி சொல்ல வந்தவர் அன்று சொன்ன புத்தி அவ்வளவுதான். போகும்போது ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐந்து வகைக் கறியும், கனகண்ணையின் போட்டோக்கொப்பிகளும் அவர் கையில் இருந்தன.

8

அதற்குப் பிறகு அக்கா அந்தக் கதையை எடுக்கவே இல்லை. மதுசாவும் எடுக்கவில்லை. டெர்மினுக்கு முதல்நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"நாளைக்கு அத்தானுக்கு வேலை. நீ காரைக் கொண்டு வா. நானும் போறன்."

"தடுக்கவோ அக்கா?"

"வா எண்டால் வா."

என்னிடம் சொந்தக் கார் இல்லை. கடைக் கார்தான். கூரையில் பெரிய பீட்சாத் துண்டு எழும்பி நிற்கும், கழற்ற முடியாது. மைன்ஸ் நகரம் வரை நெடுஞ்சாலையில் அந்தத் துண்டுக்குக் கீழே, பின்சீட்டில் அக்கா பட்டுச்சேலையோடு வந்தாள். மதுசா முன்சீட்டில் நகம் கடித்தாள். ஆமிக் கந்தோர் வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, யார் ஓர்டர் பண்ணியது என்று கத்தினார்.

அறைக்குள் எங்களை வரவேற்ற அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மார்பில் இருந்த பெயர் துருக்கிப் பெயர். மதுசா அதை வாசித்தாள், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வயது ஆள் என்பதால் தாய் வெளியே இருக்கலாம் என்று அவர் பணிவாகச் சொன்னார். அக்காவின் ஜேர்மன் கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும் என்பதால், நான் அவளிடம் தமிழில் சொன்னேன். அக்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். சரி, இருங்கள் என்றார்.

பள்ளிக்கூடம், உடம்பு, மருத்துவப் பிரிவு என்று கொஞ்ச நேரம் பேசினார். மதுசா நல்ல ஜேர்மனில் மடமடவென்று பதில் சொன்னாள். பிறகு அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். மதுசா உடனே "யா" என்றாள்.

அக்கா என் கையைத் தட்டினாள். "இப்ப என்ன கேட்டவர்?"

எனக்கு அது நல்ல சந்தர்ப்பம். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சண்டைக்குப் போவாயா என்று கேட்டவர் என்று சொன்னால், அக்கா மகளை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மதுசா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரியும்.

"சொந்த விருப்பத்திலையோ வந்தனி எண்டு கேட்டவர் அக்கா. வீட்டிலை, வெளியிலை ஆரும் வற்புறுத்தினவையோ எண்டு. விருப்பம் இல்லையெண்டால் இப்பவே எழும்பிப் போகலாமாம், ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினமாம்."

அக்கா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய யூனிபோர்மை, பித்தான்களை, மேசையில் கிடந்த பேனையை.

"இன்னொருக்காக் கேக்கச் சொல்லு" என்றாள்.

"என்னெண்டு அக்கா?"

"அதே கேள்வியை. இன்னொருக்கா."

எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். மன்னிக்கவும், அம்மா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க விரும்புகிறார். அவர் சிரிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. மதுசாவின் பக்கம் சரியாகத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, முதலில் கேட்டதைவிட மெதுவாகக் கேட்டார்.

இந்த முறை மதுசா கதிரையைத் தாயின் பக்கம் திருப்பினாள்.

"ஓம் அம்மா. என்ரை விருப்பம்தான்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள்.

"சரி" என்றாள் என்னிடம். "எழுதச் சொல்லு."